பங்காளியின் கை

தமிழில் ‘பங்காளி’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகின்றது. ஒரு தொழிலில் முதல் போட்டுப் பங்கு கொண்டவனும் பங்காளி. ஒரே பாட்டனின் சொத்தில் உரிமையுடைய தாயாதியும் பங்காளி. உறவையும் உடைமையையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், அச்சொல்லோடு ‘சண்டை’ என்பதனையும் சேர்த்தே வழங்கிச் சென்றனர். ‘பங்காளிச் சண்டை’ என்பதற்கு உரை தேடும் தமிழர் எவரும் இலர்.

அரபு மொழியிலும் இதற்கு நிகரான ஒரு நுட்பம் உண்டு. கூட்டாளிக்கு ‘ஷரீக்’ என்பது பொதுப்பெயர். ஆனால் திருக்குர்ஆனின் ‘ஸாத்’ அத்தியாயத்தில், தாவூது நபி (அலை) அவர்களிடம் வழக்காட வந்த இருவரின் செய்தி கூறப்படும் இடத்தில், கூட்டாளிகளைக் குறிக்க ‘குலதா’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அது ‘கலத’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. ‘கலந்தான்’ என்பது பொருள். நம் ‘கல’ என்னும் சொல்லோடு ஒலியும் பொருளும் ஒத்திருப்பது தற்செயலே. எனினும் மாணவர்க்குப் பாடம் சொல்லுகையில் நினைவில் நிறுத்த அது பெரிதும் உதவுகின்றது. ஒருவரிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள். மற்றவரிடம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் தம்மிடம் ஒப்படைக்குமாறு முன்னவர் வற்புறுத்தினார் என்பது வழக்கு. பொருளைக் கலந்து வைத்துக்கொள்வோருள் பலர் ஒருவர் மீது ஒருவர் வரம்பு மீறவே செய்கின்றனர் என்றும், ஈமான் கொண்டு நற்செயல் புரிவோர் மட்டுமே அதற்கு விலக்கு என்றும், அத்தகையோர் மிகச் சிலரே என்றும் அங்கே உணர்த்தப்படுகின்றது. ஓதும்போது அந்த ‘மிகச் சிலர்’ என்பதனை நாம் விரைந்து கடந்து விடுகின்றோம். ஒவ்வொருவரும் தம்மை அந்தச் சிலருள் ஒருவராகவே எண்ணிக்கொள்வதுதான் அதற்குக் காரணம் போலும்.

கூட்டு முதலை ஒருவர் அப்படியே விழுங்கிவிட்டால் அது கியானத் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அதனைப் பற்றி எழுதிப் பக்கங்களை நிரப்ப வேண்டியதும் இல்லை. சிந்தனைக்கு உரியது அதைவிடச் சிறியதாகவும், சிறியதாக இருப்பதனாலேயே சிக்கலானதாகவும் உள்ள மற்றொரு செயல்: பொதுப் பணத்தை எடுத்துத் தமக்காகப் பயன்படுத்தி, யாரும் அறியும் முன் திரும்ப வைத்துவிடுதல்.

சகோதரர் இருவர் சரிபாதி முதலிட்டு, 40 இலட்சம் ரூபாயில் ஜவுளிக் கடை நடத்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் கடையில் அமர்ந்து நிருவாகம் பார்க்கின்றார். இளையவர் அயல்நாட்டில் ஊழியத்தில் இருக்கின்றார். ஊர் எல்லையில் ஒரு மனை மலிவாக விலைக்கு வருகின்றது. மூத்தவர் கடைக் கணக்கிலிருந்து 10 இலட்சம் எடுத்துத் தம் பெயரில் அதனை வாங்குகின்றார். நான்கு திங்கள் கழித்து 14 இலட்சத்திற்கு விற்கின்றார். எடுத்த 10 இலட்சத்தைக் கடைக் கணக்கில் சேர்த்து விடுகின்றார். பேரேட்டில் ‘கைமாற்று’ என்று ஒரு வரி பற்று. பின்னர் அதே பெயரில் ஒரு வரி வரவு. ஈராண்டு கழித்து ஊர் வந்த இளையவர் பேரேட்டைப் புரட்டும்போது அவ்விரு வரிகளையும் காண்கின்றார். அந்த 4 இலட்சம் யாருடையது?

மூத்தவரைக் கேட்டால் அவருக்கு மூன்று விடைகள் உண்டு. மூன்றும் வலுவானவையே, எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது, “கடைப் பணத்தில் பாதி என்னுடையதுதானே? என் பணத்தைத்தானே எடுத்தேன்?” என்பது. இரண்டாவது, “எடுத்ததைக் குறைவின்றி வைத்துவிட்டேன், தம்பிக்கு ஒரு காசு நட்டம் உண்டா?” என்பது. மூன்றாவது, “மனை விலை விழுந்திருந்தால் அந்த நட்டத்தை நான்தானே ஏற்றிருப்பேன்? நட்டம் எனக்கு என்றால் இலாபமும் எனக்குத்தானே?” என்பது.

முதல் விடையில் ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. சட்டமே அதனை மதித்திருக்கின்றது. பிரிக்கப்படாத கூட்டுப் பொருளை ஃபிக்ஹு நூல்கள் ‘முஷாஉ’ என்கின்றன. அதில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு நூலிழையும் இருவருக்கும் உரியது. இந்தப் பாதி உன்னுடையது, அந்தப் பாதி என்னுடையது என்று கோடு கிழிக்க இயலாது. ஆதலின் கூட்டுப் பொருளிலிருந்து களவாடிய கூட்டாளிக்குத் திருட்டுக்குரிய ஹத்துத் தண்டனை இல்லை என்றும், அவனுடைய பங்கு எவ்வளவு சிறியதாயினும் அதுவே சட்டம் என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று அமைந்துள்ளது. உடைமையில் பங்கு உண்டு என்னும் ஐயப்பாடு, அதாவது ‘ஷுப்ஹத்’, தண்டனையைத் தடுத்து விடுகின்றது.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1965-ஆம் ஆண்டில் ஏறத்தாழ இதே வழியில் சென்றிருப்பது வியப்பிற்குரியது. கூட்டு நிறுவனத்திற்கு வரவேண்டிய தொகைகளை வசூலித்து, நிறுவனக் கணக்கில் செலுத்தாமல் விட்ட ஒரு கூட்டாளியின் மீது நம்பிக்கை மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது. கீழ் நீதிமன்றங்கள் தண்டித்தன. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கூட்டாளி என்னும் தகுதியினாலேயே அப்பொருள் அவருடைய ஆளுகையில் இருந்தது. பிறர் தனியே ஒப்படைத்த பொருளாக அது ஆவதற்குத் தனி உடன்பாடு ஒன்று இருக்க வேண்டும். அஃது இல்லாத நிலையில் அவர் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவரே அன்றிக் குற்றவாளி அல்லர் என்பது அத்தீர்ப்பின் சாரம். அன்று நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405-ஆம் பிரிவு இன்று இல்லை. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதையின் 316-ஆம் பிரிவு நிற்கின்றது.

இதனைக் கேள்வியுற்ற சிலர், ஷரீஅத்தும் சட்டமும் கூட்டாளிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகக் கருதுவர். அது பிழை. தண்டனை இல்லை என்பதால் உரிமை உண்டு என்று ஆகிவிடாது. கையை வெட்டுவதற்குத் தடையாக நின்ற அதே காரணம், அதாவது ஒவ்வொரு மணியிலும் இருவருக்கும் பங்கு உண்டு என்பது, மூத்தவரின் முதல் விடையை முறியடிக்கவும் செய்கின்றது. பொருள் முழுதும் கலந்திருக்கும்போது, “நான் எடுத்த 10 இலட்சம் என் பாதியிலிருந்து எடுத்தது” என்று அவர் தாமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எடுத்த ஒவ்வொரு ரூபாயிலும் தம்பியின் அரை ரூபாய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துக்கொண்ட பிறகன்றோ ‘என் பாதி’ என்று ஒன்று பிறக்கும்?

இரண்டாம் விடைக்கு வருவோம். நட்டம் இல்லாத இடத்தில் அநீதி உண்டா? நீதிநூல் வல்லோர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் கேள்வி இது. ஆராய்வதற்கு அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. ஹிஜ்ரி 179-இல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் ‘முவத்தா’வில், ‘கிராள்’ என்னும் முதலீட்டு வியாபாரத்தைப் பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே இதனை வைத்திருக்கின்றார்கள்.

உமர் (ரலி) அவர்களின் புதல்வர் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் ஒரு படையுடன் இராக் சென்று திரும்புகின்றனர். வழியில் பஸ்ராவின் ஆளுநராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைக் காண்கின்றனர். அவர் இவர்களை அன்புடன் வரவேற்று, இவர்களுக்கு ஏதேனும் உதவ விழைகின்றார். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பைத்துல்மால் பணம் அவர் கையில் இருக்கின்றது. அதனை இவர்களுக்குக் கடனாகத் தருவதாகவும், இராக்கின் சரக்கை வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் செலுத்திவிட்டு இலாபத்தை இவர்களே வைத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகின்றார். இவர்களும் இசைகின்றனர். இன்ன தொகையை இவர்களிடமிருந்து பெற்றுக்கொள்க என்று கலீஃபாவுக்குக் கடிதமும் எழுதிவிடுகின்றார். மறைவு ஏதும் இல்லை. சரக்கு மதீனா வந்தது, விற்றது, இலாபம் கிடைத்தது. முதலைக் கொண்டு சென்று தந்தையிடம் செலுத்தினர்.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியை ஊன்றி நோக்க வேண்டும். பணம் குறைந்ததா என்று கேட்கவில்லை. எண்ணிப் பார்க்கவும் சொல்லவில்லை. படையில் இருந்த அனைவருக்கும் இவ்வாறே கடன் கொடுக்கப்பட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றனர். அப்படியானால் கலீஃபாவின் மக்கள் என்பதற்காகவே உங்களுக்குக் கொடுத்திருக்கின்றார். முதலையும் இலாபத்தையும் சேர்த்துச் செலுத்துங்கள் என்று ஆணையிட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) வாய் திறக்கவில்லை. உபைதுல்லாஹ் வாதாடினார். அப்பணம் அழிந்திருந்தாலோ குறைந்திருந்தாலோ நாங்கள் அன்றோ ஈடு செய்திருப்போம் என்பது அவர் வாதம். நம் ஜவுளிக்கடை மூத்தவரின் மூன்றாம் விடையேதான் அது! கலீஃபா தம் ஆணையை மீண்டும் கூறினார்கள். மகனும் தம் வாதத்தை மீண்டும் கூறினார். அவையில் இருந்த ஒருவர், இதனைக் கிராளாக ஆக்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். உமர் (ரலி) ஏற்றுக்கொண்டார்கள். முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலுக்குச் சென்றன. மறுபாதி இலாபம் மக்கள் இருவருக்கும் கிடைத்தது.

பைத்துல்மால் முஸ்லிம்கள் அனைவருக்கும் பொதுவான பொருள். அப்படையில் காலால் நடந்து சென்ற ஒவ்வொரு வீரனும் அதில் பங்காளி. அவனுக்கு இப்பயணத்தால் ஒரு திர்ஹமும் குறையவில்லை. ஆயினும் அவனுக்கு ஒன்று மறுக்கப்பட்டது. பொதுப் பொருளைக் கொண்டு பயன் பெறும் வாய்ப்பு யாருக்கு என்னும் முடிவில் அவனுடைய சொல் கேட்கப்படவே இல்லை. உமர் (ரலி) அவர்களின் கேள்வி தொட்ட இடம் அதுதான். கூட்டாளிக்கு உரியது முதல் மட்டும் அன்று. அம்முதல் எங்கே போகலாம், எந்த ஆபத்தைச் சந்திக்கலாம் என்பதில் ஒரு சொல்லும் அவனுக்கு உரியது. மனை வாங்கும் செய்தியை மூத்தவர் ஒரு தொலைபேசி அழைப்பில் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம். “நாமும் வாங்குவோம்” என்றோ, “வேண்டாம்” என்றோ, “நீங்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் காக்கா” என்றோ அவர் கூறியிருப்பார். மூன்றில் எதுவாயினும் பின்னர் வழக்கு இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேளாமல் எடுத்ததே களவு போன பொருள். அதனை 10 இலட்சத்தோடு சேர்த்துத் திரும்ப வைக்க முடியாது.

இங்கே மற்றொன்றையும் கருத வேண்டும். அபூமூஸா (ரலி) அவர்களுடையது வெளிப்படையான செயல், ஆளுநரின் அனுமதி இருந்தது, கடிதம் இருந்தது. அதற்கே பாதி இலாபம் திரும்பிற்று. அனுமதியும் இன்றி, கடிதமும் இன்றிப் பேரேட்டின் ஒரு வரியில் ஒளிந்துகொண்ட கைமாற்றுக்கு எத்துணை திரும்ப வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மூன்றாம் விடைக்குத் துணையாகச் சிலர் ஒரு ஹதீஸையும் எடுத்துக் காட்டுவர். ஆதாயம் பொறுப்பைத் தொடரும் என்னும் கருத்துடைய ‘அல்கராஜு பிள்ளமான்’ என்பது அது. ஆனால் அது எந்த வழக்கில் கூறப்பட்டது? ஓர் அடிமையை விலை கொடுத்து வாங்கி வேலை வாங்கியவர், பின்னர் பழைய குறை ஒன்றைக் கண்டு விற்றவரிடம் திருப்பினார். இடையில் அவ்வடிமை ஈட்டியது யாருக்கு என்பது வழக்கு. வாங்கியவர் முறைப்படி உடைமை கொண்டவர். அவர் கையில் அடிமை இறந்திருந்தால் நட்டம் அவருடையது. ஆதலின் ஈட்டமும் அவருக்கு ஆயிற்று. உரிமையோடு வந்த பொறுப்பு அது. வரம்பு மீறியதால் தலையில் விழுந்த பொறுப்பு வேறு. ஃபிக்ஹு நூல்கள் கூட்டாளியின் கையை ‘யதுல் அமானத்’, அதாவது அடைக்கலக் கை என்கின்றன. அவர் தவறின்றிப் பொருள் அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. அடைந்தேன், கொடுத்தேன், தொலைந்தது என்று சத்தியத்துடன் அவர் கூறும் சொல் ஏற்கப்படும். தீப்பிடித்தது போன்ற வெளிப்படையான காரணம் சொன்னால் மட்டும், தீப்பிடித்ததற்குச் சான்று கேட்கப்படும். எவ்வளவு பெரிய சலுகை இது! அவர் வரம்பு மீறிய அந்த நொடியில் அக்கை ‘யதுள் ளமான்’ ஆக, ஈடு கட்டும் கையாக மாறிவிடுகின்றது. அதன் பிறகு மின்னல் விழுந்து பொருள் அழிந்தாலும் பொறுப்பு அவருடையதே. அபராதம் செலுத்த நேரிடும் என்பதைக் காட்டி ஒருவர் தாம் செய்த செயலுக்கு உரிமை கொண்டாடுவது எங்ஙனம்?

எனினும் இமாம்கள் அனைவரும் இவ்விடத்தில் ஒரே கருத்தினர் என்று எழுதினால் அது அறிவுலகிற்குச் செய்யும் கியானத்தாகும். அடைக்கலமாக வைத்த பணத்தைக் கொண்டு ஒருவன் வியாபாரம் செய்து இலாபம் கண்டால் அவ்விலாபம் யாருக்கு என்பதை, ஹிஜ்ரி 595-இல் (கி.பி. 1198) மறைந்த இப்னு ருஷ்து (ரஹ்) தம் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ நூலில் தொகுத்துத் தருகின்றார். முதலைத் திரும்பச் செலுத்திவிட்டால் இலாபம் அவனுக்கு ஆகும் என்பது இமாம் மாலிக், லைஸ், அபூயூசுஃப் (ரஹ்) ஆகியோர் கருத்து. முதலைச் செலுத்திவிட்டு இலாபத்தை ஸதகாவாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபாவும் (ரஹ்) அவர்களைச் சார்ந்தோரும் கொண்டது. முதலோடு இலாபமும் உரியவருக்கே என்பது மற்றொரு சாராரின் முடிவு. செயலை நோக்கியவர்கள் உழைத்தவனுக்குக் கொடுத்தார்கள்; வேரை நோக்கியவர்கள் முதலுக்கு உரியவருக்குக் கொடுத்தார்கள் என்று கூறிவிட்டு, உமர் (ரலி) அவர்கள் இருவருக்கும் பகிர்ந்தளித்ததே நீதி என்று சொல்லப்படுவதையும் அவர் அங்கே நினைவூட்டுகின்றார்.

இவற்றுள் ஹனஃபி இமாமின் கருத்து என்னை நீண்ட நாள் சிந்திக்க வைத்தது. உரியவருக்கும் இல்லை, எடுத்தவனுக்கும் இல்லை, ஏழைக்கு என்பது முதல் நோக்கில் விந்தையாகத் தோன்றும். ஆனால் அதில் ஒரு நுண்ணிய உளவியல் அறிவு இருக்கின்றது. அழுக்குப் படிந்த வருவாயால் எவரும் ஆசை கொள்ளக் கூடாது. பிறன் தன் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தட்டும், இலாபம் வந்தால் கேட்டு வாங்கிக்கொள்வோம் என்று பேசாதிருக்கும் பங்காளிக்கும் அங்கே இடமில்லை. அத்தகைய பங்காளிகளும் உலகில் இருக்கவே செய்கின்றனர்! ஆயினும் அடைக்கலப் பொருளைப் பற்றிய இவ்விவாதம் கூட்டாளிக்கு வரும்போது, இலாபம் கூட்டுக்கே உரியது என்னும் பக்கமே என் அறிவுக்கு வலுவாகப் படுகின்றது. அடைக்கலம் பெற்றவன் காவல்காரன். பொருளைப் பெருக்குவது அவன் வேலை அன்று. கூட்டாளியிடமோ பெருக்குவதற்கென்றே முதல் தரப்பட்டது. எதற்காக அமர்த்தப்பட்டாரோ அதே வேலையைச் செய்து, அதன் பலனைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ள அவருக்கு ஏது வழி?

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் (1932) இதே முடிவைத்தான் கூறுகின்றது. நிறுவனத்தின் பொருளையோ பெயரையோ தொடர்பையோ கொண்டு ஒரு கூட்டாளி தமக்கென ஈட்டிய இலாபத்தை நிறுவனத்திற்குக் கணக்குக் காட்டிச் செலுத்த வேண்டும் என்பது அதன் 16-ஆம் பிரிவு. ஆங்கில நாட்டு மன்றங்கள் இதில் இன்னும் கடுமையானவை. 1966-இல் பிரபுக்கள் சபை தீர்த்த போர்டுமன் - ஃபிப்ஸ் வழக்கில், ஒரு குடும்ப அறக்கட்டளைக்கு வழக்கறிஞராக இருந்தவரும், அக்குடும்பத்தின் மகன் ஒருவரும், அறக்கட்டளையின் பெயரால் அறிந்துகொண்ட செய்திகளை வைத்து, அது சிறு பங்கு வைத்திருந்த ஒரு நெசவு நிறுவனத்தின் பெரும்பங்கைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிச் சீர்திருத்தினர். அவர்களும் ஆதாயம் அடைந்தனர். அறக்கட்டளையும் பெரும் ஆதாயம் அடைந்தது. வழக்குத் தொடுத்தவர் அம்மகனின் உடன்பிறந்தவர். எவருக்கும் நட்டமில்லை, எடுத்தவர் எண்ணமும் கெட்டதன்று. அப்படியிருந்தும் ஈட்டிய இலாபத்திற்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று மூவர் தீர்த்தனர், இருவர் மாறுபட்டனர். ஆனால் அவர்களுடைய உழைப்புக்கும் திறமைக்கும் தாராளமான ஊதியம் அளிக்குமாறும் ஆணையாயிற்று. முதலுக்கும் ஒரு பங்கு, முயற்சிக்கும் ஒரு பங்கு! மதீனாவின் அவையில் பெயர் தெரியாத ஒருவர் சொன்ன யோசனையை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இலண்டன் வேறொரு பாதையில் நடந்து சென்று கண்டுகொண்டது.

இவ்வளவு கண்டிப்பு இருந்தால் வியாபாரம் நடக்குமா என்று கடைவீதி அன்பர்கள் கேட்கக்கூடும். அவசரத்திற்குக் கல்லாவிலிருந்து எடுக்காத கடைக்காரர் உண்டா? நியாயமான கேள்விதான். ஷரீஅத் எடுப்பதைத் தடுக்கவில்லை. அனுமதியின்றி எடுப்பதைத் தடுக்கின்றது. ஷாஃபிஈ நூல்களில், மற்றவரின் அனுமதி இல்லாமல் கூட்டாளி கடனுக்கு விற்கக் கூடாது, கூட்டுப் பொருளுடன் வெளியூர்ப் பயணம் செய்யக் கூடாது என்றெல்லாம் சொல்லப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். அனுமதி கிடைத்துவிட்டால் இவை யாவும் கூடும். திங்களுக்கு இன்ன தொகை வரை அவரவர் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கேட்டே எடுக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்வதற்கு அரை மணி நேரம் போதும். கடனை எழுதி வைக்குமாறு கூறும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்படையலாகாது என்பதும் அதில் உண்டு. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்போர், அண்ணன் தம்பிக்குள் வழக்கு எதனால் வருகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இதுவரை சொன்னது உயிரோடு இருக்கும் தம்பியைப் பற்றியது. அவர் கேட்கலாம், சினக்கலாம், வழக்கும் தொடுக்கலாம். அவர் மௌத்தாகிவிட்டால்?

நம் குடும்பங்களில் கண்ணீர் மிகுதியாகச் சிந்தப்படும் இடம் இதுவே. கூட்டாளி ஒருவரின் மரணத்தோடு ஷிர்கத் முறிந்துவிடுகின்றது என்பது ஃபிக்ஹின் சட்டம். வேறு உடன்பாடு இல்லாத நிலையில் கூட்டு நிறுவனம் கலைந்துவிடுகின்றது என்பதே 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும். ஆனால் கடை மறுநாளே திறக்கப்படுகின்றது. சரக்கு அதே சரக்கு. பெயர்ப்பலகை அதே பலகை. இறந்தவரின் மனைவி இத்தாவில் இருக்கின்றார்; குழந்தைகள் பள்ளியில் படிக்கின்றனர். திங்கள்தோறும் ஒரு தொகை வீட்டிற்கு வருகின்றது. “பெரியத்தா நல்ல மனிதர், கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றார்” என்று ஊர் புகழ்கின்றது. கொடுப்பது யார், யாருடைய பொருளிலிருந்து கொடுக்கின்றார் என்று எவரும் கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து மகன் வளர்ந்து வந்து கேட்கும்போது, அன்றைய மதிப்பில் அத்தாவின் பங்கு இவ்வளவு, கொடுத்தது அதைவிட மிகுதி, இனி ஒன்றும் இல்லை என்று கணக்கு முடிகின்றது. அந்தப் பத்தாண்டில் அனாதைகளின் முதலும் சேர்ந்தே கடையை வளர்த்தது என்பது அக்கணக்கில் எங்கும் இல்லை.

மேற்கண்ட சட்டத்தின் 37-ஆம் பிரிவு இந்த நிலைக்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கின்றது. கணக்கை முடிவாகத் தீர்க்காமல், விலகியவர் அல்லது இறந்தவரின் பொருளை வைத்து மற்றவர் தொழிலைத் தொடர்ந்தால், அப்பொருளின் பயனால் விளைந்த இலாபப் பங்கையோ, அதன் மீது ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ, இரண்டில் தாம் விரும்புவதைக் கேட்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. வேறு உடன்பாடு இல்லாவிடில் என்பது இதற்கும் நிபந்தனை. தேர்ந்தெடுக்கும் உரிமை வாரிசுக்கே. வட்டியை விட்டொழித்த நமக்கு இதில் தயக்கமே தேவையில்லை. இலாபப் பங்கைக் கேட்பதே நம் மார்க்கத்திற்கும் இசைந்தது. இத்தகைய ஒரு பிரிவு இருப்பதைக் கேள்விப்படாமலே எத்தனை விதவைகள் ‘கொடுத்ததை வாங்கிக்கொண்டு’ காலம் கழித்தனரோ!

அனாதைகளின் பொருளைத் தம் பொருளோடு கலந்து வைத்துக்கொள்ள அல்லாஹ் அனுமதித்தான். தனியே சமைத்துத் தனியே எடுத்து வைத்து அல்லலுற்ற ஸஹாபாக்களுக்குச் சலுகையாக அது வந்தது. அவ்வனுமதியோடு, சீர்குலைப்பவர் யார், சீர்ப்படுத்துபவர் யார் என்பதை அவன் அறிவான் என்னும் எச்சரிக்கையும் ஒட்டி வந்தது. செல்வமுடைய காப்பாளர் அனாதையின் பொருளிலிருந்து ஊதியம் பெறாது விலகி நிற்கவும், வறியவர் முறைப்படி உண்ணவும் விதிக்கப்பட்டது. பெரியத்தா பத்தாண்டு கடையில் அமர்ந்து உழைத்தது உண்மை. அவ்வுழைப்புக்கு ஒரு பங்கை வெளிப்படையாகக் குறிப்பிட்டுப் பெற்றுக்கொண்டால் அதனை எவரும் குறை கூறார். முழுவதையும் உழைப்பின் பெயரால் எடுத்துக்கொண்டு, கொடுத்ததை ஈகையின் பெயரால் எழுதுவதே குறை.

கூட்டு நிறுவனம் கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் வழி சற்று வேறு. அங்கே பொருள் பங்குதாரருடையது அன்று, கம்பெனியுடையது. 1843-ஆம் ஆண்டின் ஃபாஸ் - ஹார்பாட்டில் தீர்ப்பிலிருந்தே, கம்பெனிக்குச் செய்த தீங்கிற்குக் கம்பெனியே வழக்காட வேண்டும் என்பது ஆங்கில நீதி முறை. கம்பெனியை ஆள்பவரே தீங்கு செய்தவராயிருப்பின் என் செய்வது? அதற்காகவே நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுபான்மைப் பங்குதாரருக்குத் தனி வழி வகுத்தது. இன்று 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 241, 242-ஆம் பிரிவுகளின் கீழ்த் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கினர் சேர்ந்தால் போதும் என்பதால், எட்டுப் பேர் கொண்ட குடும்பக் கம்பெனியில் ஒரு சகோதரி தனித்தே முறையிட இயலும். கூட்டாளியைப் போலன்றி இயக்குநரின் கை பிறர் ஒப்படைத்த கை. ஆதலின் தண்டனைச் சட்டமும் அங்கே தயங்குவதில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தைப் பங்குச் சந்தைச் சூதில் இட்ட வழக்கில், அதன் தலைவராக இருந்த புகழ்மிக்க தொழிலதிபர் ஆர்.கே. டால்மியாவின் தண்டனையை 1962-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

மன்றம் ஏறுவது குடும்ப மானத்திற்கு இழுக்கு என்பார் மிகப் பலர். எம் போன்ற மத்ரஸா ஆசிரியர்களிடம் ஃபத்வா கேட்டு வருவோரும் பெரும்பாலும் இதனைத்தான் முதலில் சொல்கின்றனர். வழக்குக்கு முன் ஜமாஅத்திலோ இருபுறமும் நம்பும் பெரியவரிடமோ பேசித் தீர்ப்பது சாலச் சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் பேச்சு என்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீளும்போது, நீட்டுபவர் யார் என்று பார்க்க வேண்டும். காலவரம்புச் சட்டம் (1963) கலைந்த கூட்டு நிறுவனத்தில் கணக்கும் இலாபப் பங்கும் கேட்கும் வழக்குக்குக் கலைந்த நாளிலிருந்து மூன்றாண்டு மட்டுமே தருகின்றது. ‘குடும்ப மானம்’ என்று சொல்லிச் சொல்லி நான்காம் ஆண்டுக்குள் நுழைந்த மூத்தவர்களை நான் அறிவேன். நான்காம் ஆண்டில் அவர்களுக்குத் திடீரென்று சட்ட ஞானம் பிறந்துவிடுகின்றது! மன்றத்தின் கதவு மூடிவிட்டது என்பதை வக்கீல் மூலம் அறிவிக்கின்றனர். ஹக்குல் இபாத், அடியாருக்குரிய உரிமை, ஆண்டுகளால் அழிவதில்லை என்பதை அறிவிக்க அவர்களுக்கு வக்கீல் கிடைப்பதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே இத்தகைய வழக்கு வந்திருக்கின்றது. உம்முஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி அது. மிகப் பழைய வாரிசுச் சொத்தைப் பற்றி இருவர் வாதாடி வந்தனர். இருவரிடமும் சாட்சி இல்லை. வெறும் சொல்தான் இருந்தது. தாம் கேட்பதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும், சகோதரனின் உரிமையைத் தம் தீர்ப்பினால் ஒருவர் பெற்றுவிட்டால் அவர் பெறுவது நெருப்பின் துண்டு என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுதுவிட்டனர். என் உரிமை அவருக்கே என்று இவரும், என் உரிமை இவருக்கே என்று அவரும் விட்டுக்கொடுத்தனர்.

நாம் அந்த அவையில் இருந்திருந்தால் அத்துடன் இருவரையும் தழுவச் செய்து, ஃபாத்திஹா ஓதி அனுப்பியிருப்போம். நாயகம் (ஸல்) அவர்கள் அப்படிச் செய்யவில்லை. விட்டுக்கொடுத்த பின்னரும், போய்ப் பங்கிடுங்கள். நியாயத்தைத் தேடிப் பங்கிடுங்கள். பிறகு சீட்டுக் குலுக்கி அவரவர் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பிறகு ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுங்கள் என்று வரிசைப்படுத்திப் பணித்தார்கள். மன்னிப்பு அந்த வரிசையில் கடைசியில் நிற்கின்றது. கணக்கும் பங்கீடும் அதற்கு முன்னால் நிற்கின்றன.